அடுப்புச் சுவரின் மறுபக்கம்

என் கணவருக்கு ஐம்பத்து நாலு வயதில் நெருப்பின் மேல் ஆசை வந்தது. அந்த வயதில் ஆண்களுக்கு வேறு ஆசைகளும் வரலாம் என்பதால் நான் முதலில் இதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவர்களை ஏற்றி இறக்கிய வேலையும் முடிந்து பல வருடம். மனிதர் மாலையில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வந்து இறங்கி, சாப்பிட்டு, ஹோல் சோபாவில் சாய்ந்து, விறகடுப்பு வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். எங்கேயோ ஒரு தாடிக்காரர் பனிக்குள் நின்று விறகு கொத்துவார். அதை இவர் லண்டன் ஹரோவில் கம்பளிப் போர்வைக்குள் இருந்து பக்தியோடு பார்ப்பார்.

"இஞ்சரும், எங்கட ஹோலுக்கும் உப்பிடி ஒண்டு போட்டால் என்ன?" என்றார் ஒருநாள்.

"காஸ் அடுப்பு வந்த அண்டைக்கு அம்மா அதுக்குப் பொட்டு வைச்சுக் கும்பிட்டவ. நீங்கள் திரும்பவும் விறகுக்குப் போகப் போறியளோ?"

"அது வேற அடுப்பு. இது கண்ணாடிக் கதவு போட்டது. லண்டனுக்கெண்டு அனுமதிச்ச அடுப்பு. புகை வராது."

நான் மருந்தாளர். நாள் முழுவதும் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று, மருந்தோடு வரும் தாளை வாசிக்காமல் மருந்தை மட்டும் விழுங்குகிற மனிதர்களைத் திட்டுவதுதான் என் தொழில். சிரித்துக்கொண்டே திட்ட எனக்குச் சம்பளம். அதனால் அவர் அடுப்பைப் பற்றிச் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. எந்தத் தாளையும் எடுத்து வாசிக்கவும் இல்லை.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவருக்கு எண்பத்தொரு வயது. அம்மா போன பிறகு லூயிஷாமில் ஒரு பிளாட்டில் தனியே இருந்தார். இரண்டு குளிர்காலம் கெஞ்சியும் வரவில்லை. மூன்றாவது தடவை நான் கெஞ்சாமல் சண்டை பிடித்து, அவருடைய பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு வந்தேன். ஹோலுக்குப் பின்னால் இருந்த சிறிய அறையை அவருக்குக் கொடுத்தோம். எங்கள் வீட்டிலேயே குளிர் கூடிய அறை அதுதான், ஆனால் மாடிப்படி ஏறத் தேவையில்லை. இருபது வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தவருடைய முழங்கால்கள் மாடியை மறந்துவிட்டிருந்தன.

அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் எப்போதும் தயாராக இருக்கும். "வேண்டாம் பிள்ளை." தேத்தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம். இன்னொரு போர்வை வேண்டாம். ஹீட்டரைக் கூட்டிவிட்டால், நான் அறையை விட்டுப் போகும்வரை பொறுமையாக இருந்து, பிறகு எழும்பிக் குறைத்துவிடுவார். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மஃப்ளர், காதை மூடிய குரங்குத் தொப்பி. இத்தனையையும் போட்டுக்கொண்டு "குளிரில்லை" என்பார்.

அப்பாவுக்கும் என் கணவருக்கும் இருபத்தாறு வருடமாக ஒரு சண்டையும் இல்லை. கதையும் இல்லை. மருமகன் இருக்கும் இடத்தில் மாமனார் காலை நீட்டி இருக்கக்கூடாது என்பது அப்பாவின் எண்ணம். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகன் வாயைத் திறக்கக்கூடாது என்பது இவருடைய எண்ணம். கணவரின் திறப்பு வாசல் கதவுப் பூட்டில் திரும்பும் சத்தம் கேட்டதும் அப்பா, "தம்பி வந்திட்டார்" என்று எழும்பித் தன் அறைக்குப் போய்விடுவார். ஹோலில் அப்பா இருப்பது தெரிந்தால் இவர் குசினியிலேயே நின்று தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பார். இரண்டு பேரும் இதற்கு வைத்த பெயர் மரியாதை. அந்த மரியாதையில் எங்கள் ஹோல் பாதி நேரம் ஆளில்லாமல் கிடந்தது.

அடுப்புக்கு வருகிறேன். வீட்டில் முன்பு புகைபோக்கி இருந்திருக்கிறது. எங்களுக்கு முதல் இருந்தவர்கள் அதை இடித்து எடுத்துவிட்டார்கள். ஆகவே புதிதாகக் குழாய் வைத்து வெளியே விட வேண்டும், அடுப்பை எந்த மூலையிலும் வைக்கலாம். மூளை உள்ளவன் தெருப்பக்கச் செங்கல் சுவரோடு வைத்திருப்பான். என் கணவர் பாங்க் ஒன்றில் கணினிகளுக்குப் புத்தி சொல்லுகிறவர். அலுவலகத்தில் யாராவது ராசிபலன் வாசித்தால் நக்கல் அடிக்கிறவர். அப்படிப்பட்டவர் ஹோலின் நடுவில் நின்று, கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, கோயிலில் பிரதட்டை பண்ணுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தென்கிழக்கு. உதுதான் அக்கினி மூலை. நெருப்பு உதில தான் இருக்கோணும்."

"நீங்கள் வாஸ்து பார்க்கிறியளோ?"

"பார்க்கிறதில்லை. ஆனால் தெரிஞ்சுகொண்டு என்னத்துக்குப் பிழையா வைப்பான்?"

அந்த மூலையில் ஒரு பக்கம் வெளிச்சுவர், அது செங்கல். அடுப்பின் முதுகு வரும் பக்கமோ மரச்சட்டத்தில் மெல்லிய ஜிப்சம் அட்டை அடித்த தடுப்புச் சுவர். தட்டினால் வெறும் டின்னைத் தட்டிய மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அப்பாவின் அறை. நான் இதைச் சொன்னேன். அவர் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுப்புப் பொருத்துகிறவர் வந்து பார்த்தார். ஆறடி வெள்ளைக்காரர், நகக்கண்ணில் எல்லாம் கரி. ஏன் இந்த மூலை என்று கேட்டார். "பார்க்க வடிவாக இருக்கும்" என்று என் கணவர் ஆங்கிலத்தில் கூசாமல் பொய் சொன்னார். அக்கினி பகவானை ஒரு வெள்ளைக்காரரிடம் விளக்க அவருக்கு வெட்கம். வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, செய்யலாம், ஆனால் இரண்டு வேலை இருக்கிறது என்றார். தரை பலகை, அதனால் அடுப்புக்குக் கீழே எரியாத கல்மேடை வேண்டும். சுவர் மரம், அதனால் அதற்கு முன்னால் ஒரு வெப்பத்தடுப்பு வேண்டும். இரண்டையும் நீங்களே செய்வதானால் செய்யுங்கள், நான் வந்து சோதித்த பிறகுதான் அடுப்பை வைப்பேன் என்றார்.

போகும் முன் ஒரு தாளில் பென்சிலால் படம் கீறிக் கொடுத்தார். சுவர், அதற்கு முன்னால் தடுப்புப் பலகை, இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கீழே திறந்திருக்க வேண்டும், மேலே திறந்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழால் நுழைந்து, சூட்டை அள்ளிக்கொண்டு மேலால் போகும். அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தார். அந்தத் தாளைக் கணவர் பிரிட்ஜில் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டினார். நான் அதை நாளுக்குப் பத்துத் தடவை பார்த்தேன், பால் எடுக்கும்போதெல்லாம்.

கல்லுக்குச் சவுத்தாலுக்குப் போனோம். குசினி மேசைகளுக்குக் கல் வெட்டும் ஒரு முற்றத்தில் கறுப்பு ஸ்லேட் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் ஒரு அடியும் பக்கத்தில் அரை அடியும் கல் வெளியே வரவேண்டும், தணல் தெறித்தாலும் கல்லிலேயே விழவேண்டும். கணவர் அந்த அளவைச் சொன்னதும் கடைக்கார சர்தார்ஜி கல்லறைக்கென்று நினைத்து எங்கள் முகத்தை அனுதாபத்தோடு பார்த்து, பெயரும் வெட்ட வேண்டுமா என்று கேட்டார். "இப்ப வேண்டாம், வேலை முடியட்டும்" என்றேன் நான். கணவர் வரும் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. அவருக்குக் கல்லின் மேல் அப்போதே பாசம் பிடித்துவிட்டது.

கார்ப்பெற்றை வெட்டினார். பலகையைச் சோதித்தார், ஆடின இடத்தில் கீழே முண்டு கொடுத்தார். எரியாத சீமெந்துப் பலகை ஒன்றை அடித்து, அதன்மேல் சாந்து பரப்பிக் கல்லை இருத்த வேண்டும். முதல் தரம் குழைத்த சாந்து ஒடியல் கூழ் பதத்துக்கு வந்தது. கல்லை வைத்ததும் நாலு பக்கத்தாலும் வழிந்து கார்ப்பெற்றுக்குப் போனது. நான் வாசலில் நின்று, கரண்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். இரண்டாம் தரம் சரியாக வந்தது. மட்டம் பார்க்கும் குழாயில் குமிழி நடுவில் வந்து நின்றபோது அவர் தன் முதல் பிள்ளையைப் பார்த்த மாதிரிப் பார்த்தார். உண்மையில் முதல் பிள்ளையைப் பார்த்தபோது அவருக்கு மயக்கம்தான் வந்தது.

அப்பா இவ்வளவையும் தன் அறை வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, தம்பி என்ன செய்யிறார்?"

தம்பி நாலடி தூரத்தில் முழங்காலில் நின்றார்.

"அடுப்புக்கு மேடை கட்டுறார் அப்பா."

"கல்லு நல்ல கல்லோ எண்டு கேள்."

"அப்பா கல்லு நல்ல கல்லோ எண்டு கேக்கிறார்."

"நல்ல கல்லு எண்டு மாமாட்டைச் சொல்லும்."

நான் சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். இருவருக்கும் திருப்தி. எனக்குத்தான் நாலடி தூரத்துக்குத் தபால்காரி வேலை.

வெப்பத்தடுப்பையும் அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்தார் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அப்போது நான் சொல்லவில்லை. இரண்டு சீமெந்துப் பலகை. சுவரிலிருந்து தள்ளி நிற்பதற்குப் பீங்கான் குழல்கள், அவற்றுக்குள்ளால் நீளத் திருகாணி. கீழே கல்லிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தொடங்கி, மேலே கூரைக்கு எட்டாமல் நின்றது. கறுப்புப் பெயின்ற் மை பூசினார். பொருத்துகிறவர் வந்து, கீழே விரலை விட்டுப் பார்த்தார், ஏணியில் ஏறி மேலேயும் விட்டுப் பார்த்தார். நல்ல வேலை என்றார். அடுப்பை வைத்து, குழாயை வெளியே விட்டு, நச்சுவாயு வந்தால் கத்துகிற அலாரத்தையும் மாட்டி, கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் அந்தக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

உறை என்றதும் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூடாத பொருள் கிடையாது. ரிமோட் கொன்ட்ரோலுக்குப் பொலித்தீன் சுற்றியிருக்கும். குசினி அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க அலுமினியத் தாள், மாதம் ஒருமுறை மாற்றுவேன். புதுக் கார் வாங்கினால் இரண்டு வருடம் சீற்றின் உறையைக் கிழிக்க மாட்டோம். பயணப் பெட்டிக்கும் ஒரு உறை தைத்து வைத்திருக்கிறேன். இது என்னுடைய தனிப்பட்ட கோளாறு இல்லை, நான் போகிற வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அப்படி வளர்ந்த ஒருத்தியின் ஹோலில், பட்டப்பகலில், கீழேயும் மேலேயும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஓட்டை. போன வருடம்தான் குசினியில் எலி பிடித்திருந்தோம். சூடான சுவர், தனி வாசல், மேல்மாடி வசதி. லண்டன் எலிக்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

ஒரு சனிக்கிழமை, கணவர் விறகு வாங்கப் போயிருந்த நேரம், நான் அலுமினியத் தாளை மடித்து மடித்துக் கீழ் இடைவெளிக்குள் செருகி, வெள்ளி நிற ஒட்டு நாடாவால் ஒட்டினேன். கதிரை போட்டு ஏறி மேல் இடைவெளியையும் அடைத்தேன். மிச்சமிருந்த கறுப்பு மையை எடுத்து மேலே பூசினேன், ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு அழகாக வந்தது. அரை மணித்தியால வேலை. எலிக்கு வழியில்லை, தூசுக்கு வழியில்லை. மனம் நிறைந்து போய் மீன் கழுவப் போனேன். இரவுக்குள் அதை மறந்தும் போனேன்.

குளிர்காலம் வந்தது. கணவர் வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமலே நெருப்பு மூட்டுவார். தன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக் காலை நீட்டுவார். அப்பா வழமைபோல எழும்பிப் போய்விடுவார். ஆனால் அவரில் ஏதோ மாறத் தொடங்கியது. முதலில் மஃப்ளரைக் கழற்றினார். பிறகு ஒரு ஸ்வெட்டர் குறைந்தது. ஒருநாள் சட்டையோடு மட்டும் குசினிக்கு வந்து, "பிள்ளை, தேத்தண்ணி இருக்கோ?" என்று அவராகவே கேட்டார். நான் அவருக்கு எழுதிக் கொடுத்து விழுங்க வைத்த விட்டமின் குளிசைதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கடையில் நாலு பேருக்கு அதையே சிபாரிசும் செய்தேன்.

இன்னொன்றும் நடந்தது. முன்பு தம்பி வந்த பிறகு எழும்பிப் போகிறவர், இப்போது ஐந்து மணியிலிருந்தே கேட்கத் தொடங்கினார்: "தம்பி வர நேரமாகுமோ? நெருப்பு மூட்டுவாரோ?"

"அப்பாவுக்கு இப்பதான் உங்களில ஒரு பாசம் வந்திருக்கு" என்று நான் கணவரிடம் சொன்னேன். அவர் கலங்கிப் போனார்.

அப்பாவின் கட்டில் இடம் மாறியிருந்ததையும் கண்டேன். யன்னலோடு கிடந்த கட்டில் தடுப்புச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. எண்பத்தொரு வயதில் தனியே தள்ளியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "யன்னல் வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்துது" என்றார். டிசெம்பர் மாத லண்டனில் என்ன வெளிச்சம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. கணவர் காலையிலிருந்தே நெருப்பு எரித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் நான் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கட்டிலில் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து, அசதியில் பின்னால் சாய்ந்தேன்.

சுவர் சுட்டது. கம்பளி ஸ்வெட்டருக்கு மேலால் சுட்டது. இஸ்திரிப்பெட்டி வைத்து எடுத்த துணி போல. கையை வைத்தேன், அப்பாவின் தலையணைக்கு மேலே இன்னும் கூடச் சூடு. பாண் துண்டை டோஸ்டரில் வாட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய மணமும் இருந்தது.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல சுகமா இருக்கு, என்ன?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பாவைக் கையில் பிடித்துக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினேன். கணவர் அடுப்பின் காற்று வழியை மூடி நெருப்பை அடக்கினார். அது அணைந்து ஆற இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் பேசினேன். திசைகாட்டியில் தொடங்கினேன். தாடிக்காரர்களின் வீடியோவுக்கு வந்தேன். மூளை இருந்தால் செங்கல் சுவரோடு வைத்திருப்பீர்கள் என்றேன். என்னுடைய அப்பாவைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றேன், அதையும் சொன்னேன். அவர் பிரிட்ஜில் இருந்த தாளை எடுத்து, கண்ணாடி போட்டு, வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆறிய பிறகு முழங்காலில் நின்று கீழ் இடைவெளிக்குள் விரலை விட்டார். விரல் போகவில்லை. திருப்புளியால் சுரண்டினார். கறுப்பு மை உரிந்து உள்ளே வெள்ளி மினுங்கியது. நீளமாக இழுத்தார். ஒழுங்காக நாலு மடிப்பு மடித்த, எங்கள் குசினி அலுமினியத் தாள் வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன?" என்றார், மெதுவாக.

அந்த நாலு மடிப்பையும் பார்த்தேன். என் கைவேலை.

"எலி வருமெண்டு..." என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு மணித்தியாலம் திட்ட அவருக்கு உரிமை இருந்தது. அவர் தாளை உருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தடுப்புப் பலகையைக் கழற்றினார். பிறகு சுவரின் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தார். உள்ளே மரச்சட்டம் தெரிந்தது. புது மரத்தின் வெளிர் நிறம் கீழே இருந்தது. மேலே வர வர மண்ணிறம், நடுவில் கருகின பாண் நிறம். கணவர் மறுபக்கம் போய் அளந்துவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அந்தக் கருகின இடம் அப்பாவின் தலையணைக்கு ஒரு சாண் மேலே.

காற்று நுழைய வழியில்லாமல் சூடு அந்த இடுக்குக்குள் தேங்கி, ஒவ்வொரு நாளும் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வறுத்திருக்கிறது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். என் அப்பாவைச் சண்டை பிடித்துக் கூட்டிவந்து, சுடச்சுட ஒரு சுவருக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, அதற்குக் காற்று வராமல் அடைத்தும் வைத்தேன். ஒருநாள் விடாமல் மற்றவர்களுக்கு அறிவு சொல்லுகிற நான்.

வெளியே வந்ததும் கோபம் அப்பாவின் பக்கம் திரும்பியது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"சுவர் சுடுது எண்டு ஏன் அப்பா சொல்லேல்லை?"

"சுடேல்லை பிள்ளை. இதமா இருந்தது."

"இதமோ! எரிஞ்சு போயிருப்பியள்!"

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கைகளுக்குள் வைத்து உருட்டினார். "இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருஷத்தில முதுகு குளிராமல் நித்திரை கொண்டது இந்த ரெண்டு மாதம்தான். சொன்னால் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு நினைச்சன்."

"குளிருதெண்டால் ஹோலுக்கு வந்து அடுப்புக்கு முன்னால இருக்கலாம்தானே?"

"தம்பி இருக்கிறார்" என்றார், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல.

நெருப்புக்கு முன்னால் ஒரு சோபாவும் இரண்டு கதிரையும் காலியாகக் கிடக்க, என் அப்பா சுவருக்குப் பின்னால் இருந்து, மருமகனுக்குத் தெரியாமல், அதன் சூட்டைக் களவாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பொருத்துகிறவர் திரும்ப வந்தார். நடந்ததை நானே சொன்னேன். அவர் கருகின கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விசில் அடித்தார். சட்டத்தை வெட்டிப் புதிது போட்டு, அட்டை மாற்றி, தடுப்பைப் பழையபடி மாட்டினோம். எலிக்குப் பயமென்றால் காற்றுப் போகிற இரும்பு வலை வையுங்கள் என்றார். வைத்தோம். அடுப்பை மூன்று மணித்தியாலம் எரித்து, மறுபக்கச் சுவரில் நான் கை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. கடவுளே என்று நெற்றியையும் வைத்தேன்.

அப்பாவும் கையை வைத்துப் பார்த்தார். "நல்லது பிள்ளை. பாதுகாப்புத்தானே முக்கியம்" என்றார். அடுத்த நாள் ஸ்வெட்டர் ஒன்று திரும்ப வந்தது. அதற்கடுத்த நாள் மற்றது. கட்டிலை மட்டும் யன்னல் பக்கம் மாற்றவில்லை. இரவில் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி படுத்திருப்பார், செத்துப்போன மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

நான் ஹோலுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நீங்கள் இருங்கோ. தம்பி வேலை செய்திட்டு வந்து காலை நீட்டி இருக்கிறவர்" என்றார். கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்து, "வேணுமெண்டால் நான் மேல போய் இருக்கிறன், மாமா ஹோல்ல இருக்கட்டும்" என்றார். இரண்டு பேருடைய தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதலாம் போல இருந்தது. கெஞ்சுவது எனக்கு எப்போதும் சரிவருவதில்லை.

மாசி மாதத்தில் ஒரு மாலை, கணவர் நெருப்பு மூட்டியதும், நான் வெளியே போகும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் ஏறி, சுவரில் முதுகை வைத்து இருந்தேன். ஐஸ்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. இஞ்சை இருக்கப் போறன்."

"குளிரும். ஹோலுக்குப் போ."

"நீங்கள் வந்தால் போறன்."

அவர் போர்வையில் பாதியை என் காலில் போட்டார். கால்மணித்தியாலம் போனது. என் மூக்கு ஒழுகத் தொடங்கியது. சாப்பாட்டைத் தேடிக்கொண்டு வந்த கணவர் வாசலில் எட்டிப் பார்த்தார். அப்பா வந்த ஒன்றரை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததே அந்தச் சுவரை அளக்கத்தான். நான் முறைத்தேன். கல்யாணமான இந்த இருபத்தாறு வருடத்தில் அந்த முறைப்புக்கு அவருக்கு அர்த்தம் தெரியும். உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஓரமாக, நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் போல இருந்தார்.

மூன்று பேரும் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு வெடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

"தம்பி," என்றார். நேராக அவரைப் பார்த்து. "எத்தினை கட்டை வைச்சனியள்?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மூண்டு, மாமா."

"நல்ல காய்ஞ்சதோ?"

"ஓம், மாமா."

"மூண்டும் சும்மா எரியுது."

"ஓம், மாமா."

இன்னொரு கட்டை வெடித்தது. அப்பா போர்வையை உதறித் தள்ளினார். பெற்றோல் ஷெட்டில் சிகரெட்டோடு வந்தவர்களை விரட்டிய குரல் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஆளில்லாத இடத்தில நெருப்பை எரிய விட்டிட்டு ரெண்டு பேரும் இஞ்சை வந்து குந்திக்கொண்டிருக்கிறியள். விசரோ? எழும்புங்கோ!"

அவரே முதலில் எழும்பி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஹோலுக்குள் போனவர் நேரே கணவரின் கதிரையில் இருந்தார், அது யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. கணவர் ஒரு கணம் நின்றுவிட்டு, கல்லின் ஓரமாகக் கார்ப்பெற்றில் குந்தி, காலை நீட்டினார். அப்பாவும் காலை நீட்டினார். இரண்டு சோடிக் கால்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது, அதை மூக்கு ஒழுகுவதாகவே அவர்கள் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு முன்னால் விரித்தார். முகம் முழுக்க வெளிச்சம். பிறகு திரும்பி, என்னிடம் இல்லை, என் கணவரிடம் கேட்டார்:

"தம்பி, இவ்வளவு சூடும் இந்தப் பக்கமோ கிடந்தது?"